கலாங்க் மலைப்பாதை ஓட்டம்

பிரான்சின் தென்கரையில் மார்சேய் நகருக்கும் கஸ்ஸி என்னும் சிறு துறைமுக ஊருக்கும் இடையே, மத்தியதரைக் கடலை ஒட்டி எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் கலாங்க் எனப்படுகிறது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல்நீர் குறுகலாக உள்நுழைந்த குடாவைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல் அது. பின்னர் அதுவே மலைத்தொடர் முழுவதற்கும் பெயராயிற்று. ஐரோப்பாவில் மலைப்பாதை ஓட்டத்திற்கு (டிரெயில் ரன்னிங்) பெயர்பெற்ற மத்தியதரைக் கடற்கரைப் பகுதிகளுள் இதுவும் ஒன்று.

மார்சேய் பிரான்சின் இரண்டாவது பெரிய நகரம். அந்நகரின் பேருந்தில் ஏறி இறங்கினால் மலைப்பாதையில் கால் வைத்துவிடலாம். ஆனால் வருபவர் விரும்பும் நாளில், விரும்பும் தடத்தில் ஓடிவிட முடியாது. எப்போது ஓடலாம், எங்கே ஓடலாம் என்பதை இம்மலையின் கல்லும் காற்றும் காட்டுத்தீயும் பெருமளவு முடிவு செய்கின்றன. மற்ற இடங்களில் காணாத ஓர் அரிய செடி கூட அதில் பங்கு பெறுகிறது.

அமைவிடம்

மலைத்தொடர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலோரமாகச் செல்கிறது. மேற்கு முனையில் 432 மீட்டர் உயரமுள்ள மார்சேய்வேர் மலை உள்ளது. நடுப்பகுதியில் உள்ள பியூஜே மலை ஏறத்தாழ 565 மீட்டர் உயரம் கொண்டது. தொடரின் மிக உயர்ந்த சிகரம் இதுவே. உயரம் பெரிதல்ல எனத் தோன்றலாம். ஆனால் இங்கு ஏற்றம் கடல் மட்டத்திலேயே தொடங்குகிறது. ஒரு குடாவில் இறங்கி அடுத்த குடாவுக்குச் செல்ல வேண்டுமானால், இடையிலுள்ள மலை முகட்டை முழுவதும் ஏறித்தான் ஆக வேண்டும்.

கஸ்ஸிக்குக் கிழக்கே நிலத்தின் நிறம் மாறுகிறது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல் முடிந்து, மணற்கல்லும் கூழாங்கற்கள் இறுகிய பாறையும் சேர்ந்த செந்நிறச் சுவர் தொடங்குகிறது. கானாய் முனை எனப்படும் இப்பகுதி 394 மீட்டர் வரை உயர்கிறது. பிரான்சின் மிக உயர்ந்த கடற்பாறைச் சுவர்களுள் இதுவும் ஒன்று.

இப்பகுதி 2012 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மார்சேய், கஸ்ஸி, லா சியோத்தா ஆகிய ஊர்களின் நிலமும் அவற்றை அடுத்த கடற்பரப்பும் இதில் அடங்கும். பெருநகரை ஒட்டி, நிலத்தையும் கடலையும் ஒருங்கே கொண்டிருப்பது இப்பூங்காவின் சிறப்பு.

நிலவியல்

கலாங்க் மலைகளின் வெள்ளைப் பாறை, கிரெடேசியஸ் காலத்தில் ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல் ஆகும். மழைநீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு இக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கிறது. இதனால் பாறையில் விரிசல்களும் குழிகளும் குகைகளும் உண்டாகின்றன. இத்தகைய நிலம் கார்ஸ்ட் நிலம் எனப்படும்.

குடாக்கள் தோன்றிய விதமும் இதனுடன் தொடர்புடையது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றுள்ளதை விட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இன்றைய குடாக்கள் அப்போது வறண்ட பள்ளத்தாக்குகளாக இருந்தன. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது அவற்றின் கீழ்ப்பகுதிகள் நீரில் மூழ்கின.

இதற்குச் சான்றாக இருப்பது கோஸ்கே குகை. மோர்ஜியூ குடாவுக்கு அருகே, கடல் மட்டத்திற்கு 37 மீட்டர் கீழே இதன் வாயில் உள்ளது. ஆன்ரி கோஸ்கே என்னும் நீர்மூழ்கி வீரர் 1985 ஆம் ஆண்டு இதைக் கண்டறிந்தார். 1991 ஆம் ஆண்டு செய்தி வெளியுலகுக்குத் தெரிந்தது. உள்ளே குதிரைகள், கடற்பறவைகள், கைத்தடங்கள் ஆகியவை பாறையில் வரையப்பட்டுள்ளன. அவற்றுள் பழையவை ஏறத்தாழ 27,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றை வரைந்த மக்கள் அக்குகைக்கு நடந்தே சென்றனர்.

தட்பவெப்பமும் தாவரங்களும்

மத்தியதரைக் காலநிலையில் மழை பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பெய்கிறது. கோடை வறண்டது. ஆண்டு மழையளவு குறைவு. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்திரால் என்னும் உலர்ந்த குளிர்காற்று சில நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகம் கொள்கிறது. முகடுகளில் ஓடுபவரை அது நிலைதடுமாறச் செய்யும்.

மண் மிகக் குறைவு. பாறை இடுக்குகளில் அலெப்போ பைன் மரங்கள் வளைந்து வளர்கின்றன. அவற்றின் கீழே முள்ளிலைக் குட்டை ஓக், ரோஸ்மேரி, சிஸ்டஸ் போன்ற மணமிக்க செடிகள் கொண்ட புதர்க்காடு பரவியுள்ளது. இப்புதர்க்காட்டைப் பிரெஞ்சு மக்கள் காரிக் என்பர். இச்செடிகளின் இலைகள் சிறியவை, தடித்தவை. பலவற்றில் எண்ணெய்ப் பசை மிகுதி. நீரிழப்பைத் தாங்க உதவும் இந்த எண்ணெயே கோடையில் தீ வேகமாகப் பரவவும் காரணமாகிறது.

பறவைகளில் குறிப்பிடத்தக்கது பொனெல்லி கழுகு. இந்தியாவிலும் காணப்படும் இக்கழுகு பிரான்சில் மிக அரிதாகிவிட்டது. கலாங்க் பாறைச் சுவர்களில் அது கூடு கட்டுகிறது.

பாதைகளின் வரலாறு

இன்று ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் தடங்கள் விளையாட்டுக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஆடு மேய்த்தவர்கள், சுண்ணாம்புக் காளவாய் வைத்தவர்கள், கரி சுட்டவர்கள், குடாக்களில் குடில் கட்டி மீன் பிடித்தவர்கள் ஆகியோரின் நடைத்தடங்களே பெரும்பாலானவை. கடல்வழிக் கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர்கள் சுற்றிவந்த கடலோரப் பாதைகளும் உண்டு.

19 ஆம் நூற்றாண்டில் மேற்குப் பகுதியில் ஆலைகள் எழுந்தன. எஸ்கலெத் என்னும் இடத்தில் ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. அதன் கழிவுக் கசடு இன்றும் கடலோர மண்ணில் ஈயத்தையும் ஆர்செனிக்கையும் விட்டுவைத்துள்ளது. மலையின் மறுபுறம், கோர்த்தியூ குடாவில் மார்சேய் நகரின் கழிவுநீர் கடலில் சேர்கிறது. எனவே இந்த மலை மனிதக் கைபடாத காடு அன்று. நகரம் தன் சுமையை நெடுங்காலமாக இதன்மேல் இறக்கி வைத்திருக்கிறது.

அதே நகரம்தான் இதைக் காக்கவும் முன்வந்தது. மார்சேய் மலைநடையாளர் சங்கம் 1897 ஆம் ஆண்டு தோன்றியது. வார இறுதிகளில் மலைக்குச் செல்லும் பழக்கம் அதன் வழியே பரவியது. போர்மியூ பகுதியில் கல்குவாரி விரிவடைந்தபோது, 1910 ஆம் ஆண்டு பொதுமக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பிரான்சில் இயற்கையைக் காக்க நடந்த முதல் மக்கள் போராட்டங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அப்போராட்டத்திற்கு ஒரு நூற்றாண்டு கழித்தே தேசியப் பூங்கா உருவாயிற்று.

பாதைக் குறிகள்

மலைநடையாளர்கள் பாறைகளிலும் மரங்களிலும் வண்ணக் கோடுகள் தீட்டித் தடங்களை அடையாளப்படுத்தினர். ஒவ்வொரு தடத்திற்கும் ஒரு நிறமும் எண்ணும் உண்டு. நெடுந்தொலைவு நடைபாதைகளுக்குப் பிரான்சு முழுவதும் வெள்ளை, சிவப்பு என இரு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தீட்டப்படுகின்றன. இரு கோடுகள் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டிருந்தால், அந்த வழி அத்தடத்தைச் சேர்ந்ததல்ல என்று பொருள். ஓட்ட வேகத்தில் இக்குறிகளைத் தவறவிடுவது எளிது. தவறவிட்டவர் பாறைச் சுவரின் விளிம்பில் போய் நிற்க நேரிடும்.

முக்கியத் தடங்கள்

கடலோர நெடும்பாதை: மேற்கே கால்லோங்க் என்னும் சிற்றூரில் தொடங்கிக் கிழக்கே கஸ்ஸியில் முடிகிறது. சோர்மியூ, மோர்ஜியூ, சுஜித்தோன், ஆன்வோ, போர்பான், போர்மியூ ஆகிய குடாக்களை ஒட்டிச் செல்கிறது. தெவான்சோன் பகுதியில் கடலுக்கு மேலே ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், செங்குத்துச் சுவரின் ஓரமாகப் பாதை போகிறது. சில இடங்களில் கைகளையும் ஊன்றி ஏறி இறங்க வேண்டும். நடப்பவர்கள் இதை ஒரு நீண்ட பகலிலோ இரண்டு நாட்களிலோ கடக்கிறார்கள்.

மார்சேய்வேர் சுற்று: நகரின் தென்கோடியிலிருந்து ஏறி, முகட்டைச் சுற்றிக் கடலோரமாகத் திரும்பும் தடங்கள் இவை. தொலைவு குறைவு. ஆயினும் கால் வைக்கும் இடமெல்லாம் உடைந்த கல்லாக இருப்பதால் நேரம் கூடும்.

லுமினி – பியூஜே மலை: பல்கலைக்கழக வளாகம் உள்ள லுமினியிலிருந்து அகலமான மண்பாதை தொடங்குகிறது. ஒரு கிளை சுஜித்தோன் குடாவுக்கு இறங்குகிறது. மற்றொன்று பியூஜே சிகரத்திற்கு ஏறுகிறது. புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு இதன் முதற்பகுதி ஏற்றது.

கஸ்ஸி – ஆன்வோ: போர்மியூ, போர்பான் குடாக்களைக் கடந்து ஆன்வோ குடாவை அடைவது. மிகுதியானோர் வரும் தடம் இது. ஆன்வோவுக்கு இறங்கும் பகுதி மிகச் செங்குத்தானது. கோடிக்கணக்கான காலடிகள் தேய்த்ததில் அங்குள்ள கல் பளிங்கு போல வழுக்குகிறது.

ஓட்டத்தின் தன்மை

சமவெளி ஓட்டத்தில் தொலைவை மட்டும் வைத்து உழைப்பை அளவிடலாம். மலைப்பாதையில் அது பொருந்தாது. பன்னாட்டு மலைப்பாதை ஓட்டச் சங்கம் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறது. ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரமும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குச் சமம் என்பது அது. 20 கிலோமீட்டர் தடத்தில் மொத்த ஏற்றம் 1,000 மீட்டர் என்றால், அதன் உழைப்பு 20 + 10 = 30 கிலோமீட்டருக்குச் சமமாகக் கொள்ளப்படும். கலாங்க் போன்ற கரடுமுரடான நிலத்தில் இக்கணக்கும் குறைவே. ஏனெனில் அது பாறையின் வழுக்கலையோ வெயிலையோ சேர்த்துக்கொள்வதில்லை.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்திலோ தொடைத் தசைகள் அடிபடும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுருங்க வேண்டியிருக்கிறது. உடலின் எடையைத் தடுத்து நிறுத்தும் இவ்வேலை தசைநார்களில் நுண்ணிய சிதைவை உண்டாக்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிப்பது இதனால்தான். பழகாதவர் முதல் ஏற்றத்தில் வேகம் காட்டி, மூன்றாவது இறக்கத்தில் முழங்கால் நடுங்க நிற்பதுண்டு. அனுபவமுள்ளோர் செங்குத்தான ஏற்றத்தை நடந்தே கடப்பர். இறக்கத்தில் எட்டுகளைச் சிறிதாக்கி, பார்வையைச் சில மீட்டர் முன்னே வைத்து ஓடுவர்.

குடிநீர்

இம்மலையில் ஓடை இல்லை. நம்பத்தக்க ஊற்றும் இல்லை. பெய்யும் மழை விரிசல்கள் வழியே பாறைக்குள் இறங்கிவிடுகிறது. அந்த நீர் எங்கே போகிறது என்பதற்கு விடை போர்மியூ குடாவில் உள்ளது. அங்கே கடல் மட்டத்திற்குக் கீழே ஒரு நிலத்தடி ஆறு வந்து சேர்கிறது. நீர்மூழ்கி வீரர்கள் அதற்குள் 200 மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றுள்ளனர். ஆனால் உள்ளேயே கடல்நீர் கலந்துவிடுவதால் அந்த நீர் உவர்ப்பானது; குடிக்க உதவாது.

ஆகவே ஓடுபவர் தமக்குத் தேவையான நீர் முழுவதையும் தாமே சுமந்து செல்ல வேண்டும். வெண்மையான பாறை வெயிலை எதிரொளிப்பதால் மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் தாக்கும். தெற்கு நோக்கிய சரிவுகளில் மிஸ்திரால் எட்டாத நாட்களில் காற்றே அசையாது. நடப்பவர், ஓடுபவர் என இருவகையினருக்கும் நீரிழப்பும் வெப்பத்தாக்கமும் இங்குள்ள பெரிய ஆபத்துகள்.

காட்டுத்தீயும் கோடைக் கட்டுப்பாடும்

உலர்ந்த காரிக் புதர், எண்ணெய்ப் பசை கொண்ட பைன், வேகமான மிஸ்திரால் ஆகிய மூன்றும் சேரும் நாளில் ஒரு பொறி போதும். 2009 ஆம் ஆண்டு ஜூலையில், கார்ப்பியாஞ் ராணுவ முகாமில் நடந்த சுடுபயிற்சியிலிருந்து பரவிய தீ ஆயிரம் ஹெக்டேர் அளவிலான நிலத்தை எரித்து மார்சேய் நகரின் விளிம்பை எட்டியது. 2016 ஆம் ஆண்டு செப்டம்பரிலும் கலாங்க் பகுதியில் பெருந்தீ ஏற்பட்டது. பிரான்சில் நேரும் காட்டுத்தீக்களில் பத்தில் ஒன்பது மனிதச் செயலால் தோன்றுபவை.

அலெப்போ பைன் தீக்கு ஓரளவு தகவமைந்த மரம். அதன் காய்களில் ஒரு பகுதி பிசினால் மூடப்பட்டு மரத்திலேயே இருக்கும். தீயின் வெப்பத்தில் அவை வெடித்து விதைகளைச் சிந்தும். குட்டை ஓக் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆனால் இளம் பைன் விதை தாங்கும் வயதை எட்டுமுன் மறுபடியும் தீ வந்தால் அவ்விடத்தில் பைன் திரும்பாது. மண்ணைப் பிடித்து நிறுத்த வேரின்றி, அடுத்த கனமழையில் எஞ்சிய மண்ணும் அடித்துச் செல்லப்படும்.

இக்காரணத்தால் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை மலைக்குள் நுழைவது கட்டுப்படுத்தப்படுகிறது. வானிலை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு நாளுக்கும் ஆபத்து நிலை கணிக்கப்பட்டு, முந்தைய நாள் மாலை நிறக்குறியாக அறிவிக்கப்படுகிறது. சிவப்பு என்றால் மலை மூடப்படும். நடப்பவர், ஓடுபவர், பாறை ஏறுபவர் என எவருக்கும் விலக்கு இல்லை. தீ பரவும் வேகத்தை ஓட்டக்காரராலும் முந்த முடியாது என்பதுடன், மீட்பு வாகனங்கள் செல்லும் வழிகளும் ஒருசிலவே. தீ மூட்டுவதும் புகை பிடிப்பதும் ஆண்டு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

காலடியால் நேரும் தேய்வு

தீயின் சேதம் கண்ணுக்குத் தெரியும். காலடியின் சேதம் மெதுவாக நேர்வதால் பலர் அதைக் கவனிப்பதில்லை.

மார்சேய் அஸ்ட்ராகலஸ் என்னும் செடி கடலோரப் பாறைகளில் மட்டும் வளரும் முட்புதர். மெத்தை போல உருண்டு வளர்வதால் உள்ளூர் மக்கள் இதை 'மாமியார் திண்டு' என்று கேலியாக அழைப்பர். உப்புக்காற்றைத் தாங்கி நிற்கும் இச்செடி சட்டப் பாதுகாப்புப் பெற்றது. கழிவுநீர் கலந்த கடல்சாரலும், வெளியிலிருந்து வந்து பரவிய தாவரங்களும், மிதிபடுதலும் இதன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. கடலோரத் தடத்தின் இருபுறமும் கட்டியுள்ள தாழ்வான கயிறுகளும் கம்பிகளும் பெரும்பாலும் இத்தகைய செடிகளைக் காக்கவே.

மற்றொன்று ப்ரோவான்ஸ் அரினேரியா. வெண்ணிறச் சிறுபூக்கள் கொண்ட இச்செடி, மார்சேய்க்கும் தூலோனுக்கும் இடைப்பட்ட மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. உடைந்த கற்கள் குவிந்த சரிவுகளே இதன் இடம். அதே கற்சரிவில் வளைந்து வளைந்து இறங்காமல் நேராகச் சறுக்கி ஓடுவது சில ஓட்டக்காரர்களுக்கு விருப்பமான விளையாட்டு. அவ்வாறு ஒருவர் இறங்கும்போது கற்கள் புரண்டு செடிகளைப் புதைத்துவிடும். வளைவுகளைக் குறுக்கே வெட்டி ஓடுவதாலும் இதே தீங்கு நேரும். குறுக்குத்தடம் மழைநீருக்கு வாய்க்காலாகிறது. அடுத்து வருபவரும் அதையே பாதை என நம்பிப் பின்தொடர்கிறார்.

சுஜித்தோன் குடாவில் இத்தேய்வு கண்கூடாகத் தெரிந்தது. கோடையின் நெருக்கடியான நாட்களில் ஒரே நாளில் 2,500 பேர் வரை வந்தனர். மண் அரித்துச் செல்லப்பட்டு, பைன் மரங்களின் வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. 2022 ஆம் ஆண்டு கோடையிலிருந்து அங்கு நாளொன்றுக்கு 400 பேருக்கு மட்டுமே அனுமதி வழங்கப்படுகிறது. முன்பதிவு கட்டாயம், கட்டணம் இல்லை. கூட்டத்தை ஈர்த்து வளர்வதையே நோக்கமாகக் கொண்ட சுற்றுலா இடங்கள் மிகுந்த கடற்கரையில், வருவோரைக் குறைப்பதை நோக்கமாகக் கொண்ட இந்த ஏற்பாடு பரவலாகக் கவனிக்கப்பட்டது.

போட்டிகள்

இப்பகுதியின் புகழ்பெற்ற ஓட்டப் போட்டி மார்சேய் – கஸ்ஸி ஓட்டம். 1979 ஆம் ஆண்டு தொடங்கிய இது இலையுதிர் காலத்தில் நடைபெறுகிறது. தொலைவு 20 கிலோமீட்டர். பல ஆயிரம் பேர் கலந்துகொள்கின்றனர். ஆனால் இது மலைப்பாதையில் நடப்பதன்று. மலைக்குப் பின்னுள்ள தார்ச்சாலையில் 327 மீட்டர் உயரமுள்ள ஜினெஸ்த் கணவாயை ஏறிக் கடக்கிறது.

இவ்வளவு பேர் ஒரே நாளில் குடாக்களின் குறுந்தடங்களில் ஓடினால் என்ன ஆகும் என்பதை மேலே கண்டவற்றிலிருந்து ஊகிக்கலாம். பூங்காவின் மையப் பகுதியில் எந்தப் பொது நிகழ்ச்சி நடத்தவும் நிர்வாகத்தின் முன் அனுமதி தேவை. தனியாகவோ சிறு குழுவாகவோ ஓடுவதற்குத் தடையில்லை.

ஓடுவோர் கவனிக்க வேண்டியவை

1. மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்ற காலம். கோடையில் முந்தைய நாள் மாலை வெளியாகும் அறிவிப்பைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

2. கோடையில் விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. குடிநீர் முழுவதையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

3. அடிப்பிடிப்புள்ள காலணி தேவை. மழை பெய்த மறுநாள் தேய்ந்த சுண்ணாம்புக்கல் மிகவும் வழுக்கும்.

4. மிஸ்திரால் பலமாக வீசும் நாளில் முகட்டுத் தடங்களையும் பாறை விளிம்புகளையும் தவிர்க்க வேண்டும்.

5. குறியிட்ட தடத்தை விட்டு விலகக் கூடாது. வளைவுகளைக் குறுக்கே வெட்டுவதும் கற்சரிவில் நேராக இறங்குவதும் கூடாது.

6. குறுந்தடத்தில் எதிரே நடந்து வருபவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து வழிவிட வேண்டும். வழிவிடும்போதும் செடிகளை மிதிக்காமல் கல்லின் மேல் நிற்க வேண்டும்.

7. ஆழ்ந்த குடாக்களில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காமல் போகலாம். செல்லும் தடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். ஐரோப்பா முழுவதற்குமான அவசர அழைப்பு எண் 112.